மறுநிறுவல் கடைசி வழியாக இருக்கட்டும்
கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அப்டேட்டுக்குப் பின் கணினி பூட் ஆகாவிட்டால் உபுண்டு லினக்ஸை மறுபடி நிறுவச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. தயவுசெய்து அவசரப்படாதீர்கள், பழைய கெர்னல் பெரும்பாலும் வட்டிலேயே இருக்கும். கணினி தொடங்கும்போது ஷிஃப்ட் (யூஇஎஃப்ஐ எனும் புதிய வகை ஃபர்ம்வேர் உள்ள கணினி என்றால் எஸ்கேப்) அழுத்தி, கிரப் (கெர்னலை ஏற்றும் பூட் லோடர்) மெனுவின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே போனதும் நான் முதலில் பார்ப்பது பூட் பகிர்வில் (கெர்னல் கோப்புகள் இருக்கும் வட்டுப் பகுதியில்) இடம் இருக்கிறதா என்றுதான். எனக்கு இரண்டு முறையும் அங்கேதான் சிக்கல்: இடம் நிரம்பியதால் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு (தொடக்கத்தில் கெர்னலுக்குத் தேவையான டிரைவர்கள் அடங்கியது) முழுதாக எழுதப்படவில்லை, ரூட்டை (முதன்மைக் கோப்பு முறைமையை) மவுன்ட் செய்ய முடியாமல் கெர்னல் பேனிக், அதாவது கெர்னல் அப்படியே நின்றுவிட்டது. வேண்டாத பழைய கெர்னல்களை ஆப்ட் (உபுண்டுவின் தொகுப்பு மேலாளர்) வழியாக நீக்கிவிட்டு (இப்போது ஓடுவதைத் தொடக் கூடாது, 'யூநேம் -ஆர்' அதைக் காட்டும்) 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்', 'அப்டேட்-கிரப்' இரண்டு கட்டளைகளையும் ஓட்டினேன், சரியாகிவிட்டது. இடம் இருந்தும் கறுப்புத் திரைதான் என்றால் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கட்டளையை ஓட்டிப் பாருங்கள் (டிகேஎம்எஸ் என்பது ஒவ்வொரு கெர்னலுக்கும் கூடுதல் டிரைவர்களைக் கம்பைல் செய்யும் கருவி). கிராஃபிக்ஸ் டிரைவர் புதிய கெர்னலுக்குக் கம்பைல் ஆகாமல் நின்றிருக்கலாம்.