ஃபிரேசல் வெர்ப் எல்லாமே மனப்பாடம்தானா?
ஃபிரேசல் வெர்ப்களுக்கு, அதாவது வினைச்சொல்லோடு அப், ஆஃப்டர் மாதிரி ஒரு சிறு சொல் சேர்ந்து வரும் ஆங்கிலத் தொடர்களுக்கு, எந்த ஒழுங்கும் கிடையாது, பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதுதான் ஒரே வழி என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ‘அப்’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள், ஈட் அப், யூஸ் அப், டிரிங்க் அப் மாதிரி பலவற்றில் ‘மிச்சமில்லாமல்’ என்ற பொருளைத்தான் சேர்க்கிறது, நாம் ‘குடித்துவிடு’ என்பதில் ‘விடு’ போடுகிற மாதிரி. கிவ் அப் (கைவிடு), புட் அப் வித் (பொறுத்துக்கொள்) மாதிரி சிலது இதில் அடங்காது, சரி, அவற்றை மட்டும் உருப்போடலாமே. அப்புறம் மேலே கருத்து எழுதிய ஒருவர் ‘பிக் அப் இட்’ சரி என்கிறார். தவறு. இட், ஹிம், தெம் எல்லாம் நடுவில்தான் வரும், ‘பிக் இட் அப்’. ஆனால் லுக் ஆஃப்டரைப் (கவனித்துக்கொள்) பிரிக்க முடியாது, ‘லுக் ஆஃப்டர் ஹிம்’தான். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் பொருளைவிட இந்த இடத்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள், கட்டுரையோ இதைத் தொடவே இல்லை.