மைக்கைப் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு

சனிக்கிழமை கூட்டத்தைப் பற்றி இனிப் பேசக் கூடாதென்றுதான் இருந்தேன். ஆளாளுக்கு அந்த வீடியோவைப் பகிர்ந்து 'அருமையான பேச்சு' என்கிறீர்களே, அதற்குப் பிறகும் சும்மா இருக்க முடியவில்லை. "மலை மக்களுக்குப் பருவநிலை மாற்றம் பற்றி விழிப்புணர்வு இல்லை, நாம்தான் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும்" என்றாரே அந்தப் பேச்சாளர், ஏசி ஹாலில், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்த நம்மிடம்!

யாருக்கு யார் சொல்லிக்கொடுப்பது? லடாக்கில் லே பக்கம் வருஷத்துக்கு மழை சுமார் 100 மில்லிமீட்டர்தான். பனி உருகி வந்தால்தான் வெள்ளாமை. பனியாறு சுருங்கச் சுருங்க, விதைக்கிற நேரத்தில் தண்ணீர் இல்லை. அந்த ஊர்க்காரர் செவாங் நோர்பெல் 1987லிருந்தே குளிர்காலத்தில் வீணாக ஓடும் ஓடைத் தண்ணீரைத் தடுத்து, கிராமத்துக்கு மேலேயே உறைய வைத்தார். அப்புறம் லடாக் பொறியாளர் சோனம் வாங்சுக் அந்தப் பனிக்கட்டியைக் கூம்பாக நிமிர்த்தினார். மேட்டிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் தன் அழுத்தத்திலேயே பீய்ச்சி எழும்பும், ராத்திரிக் குளிரில் விழும்போதே உறையும், கூம்பில் வெயில் படும் பரப்பு குறைவென்பதால் உருக நாளாகும், விதைக்கிற நேரத்துக்குத் தண்ணீர் இருக்கும். மோட்டாரே கிடையாது. நாகாலாந்தில் கிக்ருமா என்கிற மலைக் கிராமத்தில் மேலே காடு, நடுவில் குளம், அதற்குக் கீழே மாட்டுப்பட்டி, கடைசியில் வயல். இறங்குகிற தண்ணீர் சாணத்தையும் கரைத்துக்கொண்டு வயலுக்குப் போகிறது. இந்த முறைக்கு ஸாபோ என்று பேர். விழிப்புணர்வு இல்லாதவர்கள் செய்த வேலை!

இதைச் சொல்லத்தான் எழுந்தேன். பாதியில் மைக் போய்விட்டது, 'சாப்பாட்டுக்கு நேரமாச்சு' என்று. சிரித்தீர்கள். சரி.

'காரைக்குடியில் இருந்துகொண்டு மலையைப் பற்றி உனக்கென்ன தெரியும்' என்று ஒருவர் வருவார். பேச்சாளரும் மலையிலிருந்து இறங்கி வரவில்லையே அண்ணே. '2024ல் வயநாட்டில் மண் சரிந்தபோது எந்தப் பழைய அறிவு காப்பாற்றியது' என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. அந்த மழைக்குக் குளமும் கூம்பும் தாங்காதுதான். அதற்காக மலைக்காரரை ஒன்றும் தெரியாதவராக்க வேண்டாம்.

எங்கள் ஆயா முதல் மழையை ஓடவிட்டு, அடுத்த மழைக்குத்தான் வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், அண்டாவை வைப்பார், வாயில் வெள்ளைத் துணி கட்டி. ஊருணிப் படியில் கால் கழுவியதற்கு, யாரென்றே தெரியாத ஒரு அப்பத்தா என் காதைத் திருகியிருக்கிறார். அதே ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் இன்றைக்கு பிளாட் கல் நட்டிருக்கிறது. மனு எழுதிக்கொண்டு கையெழுத்துக்கு வீடு வீடாகப் போனேன். 11 பேர் போட்டார்கள். 'நமக்கெதுக்குத் தம்பி வம்பு' என்று காகிதத்தை மடித்துத் திருப்பித் தந்தவரில் இருவர், சனிக்கிழமை முன்வரிசையில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.