சுவருக்கு ஒரு நியாயம், செடிக்கு ஒரு நியாயமா?

இங்கிலாந்தில் ஒட்டினாற்போல் இருக்கும் வீடுகளில், பின்பக்கம் 3 மீட்டருக்கு மேல் 6 மீட்டர் வரை நீட்டிக் கட்ட நினைத்தால், உள்ளாட்சி நிர்வாகமான கவுன்சில் பக்கத்து வீடுகளுக்குத் தெரியப்படுத்தும். ஒரே ஒரு வீட்டுக்காரர் ஆட்சேபித்தாலும், அந்த எக்ஸ்டென்ஷனால் அக்கம்பக்கத்துக்கு என்ன பாதிப்பு என்று பார்த்துத்தான் முடிவு சொல்லும். பொதுச்சுவரில் கை வைப்பதாக இருந்தால் 1996ஆம் ஆண்டு பார்ட்டி வால் சட்டப்படி 2 மாதம் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இதெல்லாம் சரியான ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன்.

அதே தோட்ட ஓரத்தில், வேலியாக வளர்க்கும் இலை உதிராத லேலண்டி மரங்களை வரிசையாக நட்டால்? பொதுவாக யாரையும் கேட்க வேண்டியதில்லை. அது வருடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வளரும். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் வீட்டில் மத்தியானத்திலும் சமையலறை விளக்கு எரிகிறது. செங்கல் சுவர் மறைத்தாலும் மரம் மறைத்தாலும் போவது அதே வெளிச்சம்தானே?

சட்டமே இல்லை என்று சொல்லவில்லை. 2003ஆம் ஆண்டு சமூக விரோத நடத்தைச் சட்டத்தின் எட்டாம் பகுதி உயரமான வேலிகளைப் பற்றியது. இது பொருந்த, 2 மீட்டருக்கு மேல் உயர்ந்த, இலை உதிராத மரங்கள் குறைந்தபட்சம் இரண்டு வரிசையாக அடுத்தடுத்து நிற்க வேண்டும். ஒற்றை மரம் என்றால் இந்தச் சட்டம் உதவாது. இலை உதிர்க்கும் பீச் மரத்தின் வேலியும் இதில் சேராது. கவுன்சில் உத்தரவு போட்டாலும் 2 மீட்டருக்குக் கீழே குறைக்கச் சொல்ல முடியாது. உத்தரவை மீறினால் 1,000 பவுண்டு வரை அபராதம்.

என் கோபம் கட்டணத்தின் மேல்தான். புகார் கொடுப்பவர்தான் பணம் கட்ட வேண்டும், பல கவுன்சில்களில் சில நூறு பவுண்டு. புகார் நியாயம் என்று தீர்ப்பானாலும், வேலியை வளர்த்தவர் அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. வீட்டுக்குள் இருட்டில் உட்கார்ந்திருப்பவரே செலவும் செய்ய வேண்டுமாம். வட அயர்லாந்தில் 2011இல் வந்த சட்டம் இதை மாற்றிக் காட்டியது: புகார் ஏற்கப்பட்டால் கட்டணம் திரும்பி வரும், வேலிக்காரரிடம் கவுன்சில் வசூலித்துக்கொள்ளலாம். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

மறைவுக்காகத்தான் வளர்க்கிறோம் என்பார்கள். புதிதாகக் கட்டிய மாடியின் ஜன்னல் தோட்டத்தைப் பார்த்தபடி இருந்தால் அந்தக் கூச்சம் எனக்கும் புரிகிறது. அதைச் சொல்ல வேண்டிய நேரம் பிளானிங் விண்ணப்பம் (கட்ட அனுமதி கேட்பது) வந்ததும் அக்கம்பக்கத்தார் கருத்துச் சொல்லக் கிடைக்கும் 21 நாட்கள். எட்டிப் பார்க்கும் ஜன்னலையும் வெளிச்ச இழப்பையும் கவுன்சில் கணக்கில் எடுக்கும். 'என் வீட்டு விலை குறையும்' என்பதை எடுக்காது. அனுமதி கொடுத்த பிறகு ஆட்சேபித்தவருக்கு அப்பீல் உரிமையும் கிடையாது.

அப்புறம், நம்மவர்களுக்கு ஒன்று. எக்ஸ்டென்ஷனுக்கு ஆட்சேபம் வந்தால் உடனே அதைப் பகையாக எடுத்துக்கொண்டு முகம் திருப்பாதீர்கள். வரைபடத்தை முதலில் அவர்களிடம் காட்டுங்கள். வேலிப் பிரச்சினை என்றால் நேரில் பேசிய பிறகு கடிதமும் கொடுத்து, தேதியோடு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நீங்களே பேசித் தீர்க்க முயன்றீர்களா என்றுதான் கவுன்சில் கேட்கும். இல்லையென்றால் புகாரைக் கையிலேயே எடுக்காமல் விட்டுவிடலாம்.