தோற்றுப்போன ஒரு மருந்துக்கு ஆதரவாக

உலகில் மலேரியாவால் இறப்பவர்களில் 100-க்குச் சுமார் 95 பேர் ஆப்பிரிக்காவில்தான் இறக்கிறார்கள். மருந்து கண்டுபிடிக்கிற வேலை மட்டும் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும். நோயாளிகளையும் ரத்த மாதிரிகளையும் கொடுப்பதோடு ஆப்பிரிக்காவின் பங்கு முடிந்தது. இதை மாற்றணும் என்று பேச்செடுத்தாலே, "நல்ல லேப் ஒன்று கட்டிக் கொடுங்கள்" என்கிறார்கள். கட்டடம்தான் இதில் சுலபம், திறப்பு விழாப் படமும் கிடைக்கும்.

ஜாம்பியாவில் பிறந்து கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கிய கெல்லி சிபாலே, 2010-இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் எச்3டி என்ற மருந்துக் கண்டுபிடிப்பு மையத்தைத் தொடங்கினார். வேதியியல், உயிரியல், மருந்து உடலுக்குள் என்ன ஆகிறது என்று பார்க்கும் பிரிவு, மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்தார். புதிதாகச் செய்த மூலக்கூறை, மருந்தை உடைக்கும் கல்லீரல் நொதிகளோடு 37 டிகிரியில் வைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை துளி எடுத்து, எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளப்பார்கள். சீக்கிரமே காணாமல் போனால், நொதி கைவைக்கிற இடத்தைக் கண்டுபிடித்து அங்கே மாற்றி மறுபடி செய்யணும். இப்படி எத்தனையோ சுற்று. ஒவ்வொரு தடவையும் மாதிரியை வேறு கண்டத்துக்கு அனுப்பி, அது சுங்கத்தில் மாட்டி, பதிலுக்குக் காத்திருந்தால் வேலை எங்கே நடக்கும்?

அங்கிருந்து வந்ததுதான் எம்எம்வி048 என்ற மலேரியா மருந்து. 2012-இல் அறிவித்தார்கள், 2014-இல் மனிதர்களிடம் சோதனை ஆரம்பித்தது, எத்தியோப்பியாவில் நோயாளிகளிடமும் பார்த்தார்கள். அப்புறம் நிறுத்திவிட்டார்கள். கடைக்கு வரவே இல்லை.

"அப்போ காசு வீண்தானே?" என்பவர்களோடுதான் எனக்குச் சண்டை. பெரிய கம்பெனிகளிலும் பாதிக்கு மேல் இப்படித்தான் பாதியில் நிற்கும். ஒரு மூலக்கூறை ஆய்வுக்கூட மேசையிலிருந்து நோயாளி வரைக்கும் கொண்டுபோன அனுபவம் இப்போது கேப்டவுனில் இருக்கிறது. அதை எந்த நன்கொடையாலும் பெட்டியில் போட்டு அனுப்ப முடியாது.

உள்ளூரில் செய்வதற்கு வெறும் பெருமை மட்டும் காரணமில்லை. எச்ஐவிக்கான எஃபாவிரென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உடைக்கும் கல்லீரல் நொதி மெதுவாக வேலை செய்கிற மரபு வகை ஆப்பிரிக்கர்களிடம் அதிகம். உலகத்துக்கே பொதுவாக வைத்த 600 மில்லிகிராம் அங்கே பலருக்கு ரத்தத்தில் அளவு மீறி ஏறியது. தலைச்சுற்றல், கெட்ட கனவு. மருந்து வெகுகாலம் புழங்கிய பிறகுதான் 400 போதும் என்ற முடிவுக்கு வந்தார்கள். முதலிலேயே அந்த மக்களின் உடம்பை வைத்து யோசிக்கிற ஆள் மேசையில் இருந்திருந்தால்?

சரி, பணம்? இதுவரை பெரும்பகுதி வெளியிலிருந்துதான். 2025-இல் அமெரிக்கா தென்னாப்பிரிக்காவுக்கான நிதியை வெட்டியதும், எச்ஐவி, காசநோய் ஆய்வுக் குழுக்களில் ஆட்களை வேலையை விட்டு அனுப்ப வேண்டியதாயிற்று. பத்து வருஷம் பழகிய கை ஒருமுறை வேறு நாட்டுக்கோ வேறு தொழிலுக்கோ போய்விட்டால் திரும்புவது அபூர்வம். உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதத்தை ஆராய்ச்சிக்கு ஒதுக்குவதாக ஆப்பிரிக்க நாடுகளே சேர்ந்து இலக்கு வைத்தன, பெரும்பாலானவை எட்டவில்லை. கருவிக்கு வெளிநாட்டுக் காசு வரட்டும், தப்பில்லை. ஆய்வாளர்களின் மாதச் சம்பளத்தையாவது சொந்த அரசுகள் ஏற்க வேண்டும் என்பேன்.