அந்தக் கேள்வியை நேராகவே கேளுங்கள்

போன வருடம் மார்ச் மாதம். என்னிடம் டியூஷன் படிக்கும் பிளஸ் டூ பையன் ஒருவன், தன் கிரிக்கெட் மட்டையைப் பக்கத்து வீட்டுப் பொடியனுக்குக் கொடுத்துவிட்டான். கைப்பிடியில் அவனே பச்சை கிரிப் சுற்றிய மட்டை, யாரையும் தொடவிடமாட்டான். "பரீட்சை நேரம்னு பொறுப்பு வந்துடுச்சு சார்" என்று அவன் அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கு மனசு ஒப்பவில்லை. ரெண்டு வாரமாக அவன் சரியாகத் தூங்கவில்லை என்று கண்ணே சொன்னது. முன்வரிசையில் உட்காருகிறவன் சுவரோரம் போயிருந்தான். "நான் இருந்து என்ன சார் ஆகப்போகுது" என்று ஒருநாள் சிரித்தபடி சொன்னதை நானும் சிரித்துக் கடந்திருந்தேன். அது என் தப்பு.

அன்று எல்லோரும் போனபின் அவனை உட்காரவைத்துக் கேட்டேன்: "செத்துடலாம்னு தோணுதாடா?"

பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான். ரொம்ப நேரம் கழித்து, "ஆமா சார்" என்றான். அப்புறம்தான் அழுதான்.

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. மனநல மருத்துவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். தனியாகச் சுமந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்வி பெரிய ஆறுதல். ஏதாவது முடிவு செய்து வைத்திருக்கிறானா என்றும் கேட்க வேண்டும், அதை வைத்துத்தான் எவ்வளவு அவசரம் என்று தெரியும். திட்டம் இருக்கிறது என்றால் ஒரு நிமிடம்கூடத் தனியே விடக்கூடாது.

நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "அம்மா அப்பாவை நினைச்சுப் பாரு" என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். ஏற்கெனவே தன்னைப் பாரமாக நினைப்பவன் மேல் இன்னொரு பாரம் எதற்கு? "யார்கிட்டயும் சொல்லாதீங்க சார்" என்றான். அந்தச் சத்தியத்தை மட்டும் செய்து தரவில்லை. கூடவே வீட்டுக்குப் போனேன். பூச்சிமருந்து, மாத்திரை எல்லாவற்றையும் பூட்டச் சொன்னேன். இரவு அப்பா பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். காலையில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு.

"சும்மா மிரட்டுறான்" என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. 2022-இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையில் போய்விட்டார்கள், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு இது. காரணம் மார்க் ஒன்றே என்று நான் சொல்லமாட்டேன். மனச்சோர்வு, வீட்டுச் சண்டை, காதல், கேலி, கடன் என்று பலதும் பின்னிக்கிடக்கும். ஆனால் பொதுத்தேர்வு முடிவு வரும் மே மாதம் நம் வீடுகளில் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தவறியவர்கள் துணைத்தேர்வு எழுதி அதே வருடம் கல்லூரிக்குப் போகலாம். அந்த வாசல் திறந்திருப்பதை ரிசல்ட்டுக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று, போலீஸ் கேஸ் பயம். முயற்சி செய்த பிள்ளையைக்கூட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்குகிறார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொல்கிறது, தண்டிக்கக்கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. தயங்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலிமனாஸ் என்ற அரசு மனநல உதவி எண். காசு கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. பிள்ளைக்காகப் பெற்றவர்களும் கூப்பிடலாம்.

அந்தப் பையன் இன்னும் மாதம் ஒருமுறை டாக்டரைப் பார்க்கிறான். முதல் நாள் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பைத்தியம்னு சொல்லிடுவாங்களே சார்" என்று அழுதார். இப்போது அவரேதான் மாத்திரை நேரத்தை போனில் அலாரம் வைத்து நினைவுபடுத்துகிறார்.