எத்தனை கோடி தாண்டும்லே?

கோடைக்குப் பெரிய படம் வருகிறதென்றால் பாளையங்கோட்டை டீக்கடையில் கதையைப் பற்றிப் பேச ஆளே இல்லை. "முதல் நாள் எத்தனை கோடி தாண்டும்லே?" இதே பேச்சுதான். டிரெய்லர் வந்த அன்றைக்கே வசூலை எழுதி முடித்துவிடுகிறார்கள்.

அந்தக் கோடி முழுக்கத் தயாரிப்பாளர் பைக்கா போகிறது? ஜிஎஸ்டி போக, உள்ளாட்சி கேளிக்கை வரி போக, தியேட்டர்காரர் பங்கு போக மிச்சம்தான் விநியோகஸ்தருக்கு. திருநெல்வேலி, கன்னியாகுமரி ஏரியாவில் படத்தை ஓட்டும் உரிமையை அதிக விலைக்கு வாங்கிய விநியோகஸ்தருக்கு ஹவுஸ்ஃபுல் ஓடியும் கை கடிக்கலாம். இதைச் சொன்னால் "நீ அந்த நடிகர் ஆளா?" என்று சண்டைக்கு வருகிறார்கள்.

எனக்கு எரிச்சலே வருகிறது. சரி, சித்திரை வெயிலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்குப் படம் நன்றாக இருக்கிறதா என்று யாராவது ஒருத்தர் சொல்லுங்களேன்!