கார்டு வாங்கும் முன் கட்டணத்தைக் கேளுங்கள்

விடுதியில் படிக்கும் பிள்ளைகளின் கைச்செலவுக்கு, முன்கூட்டியே பணம் ஏற்றிச் செலவழிக்கும் ப்ரீபெய்டு கார்டு நல்லது என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரிதான். பாளையங்கோட்டையில் படிக்கும் என் மகளுக்கும் அதைத்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தொலைந்தாலும் அதில் ஏற்றிய பணத்தோடு போகும், சேமிப்புக் கணக்குக்கு ஆபத்தில்லை.

ஆனால் கட்டண விஷயத்தை இன்னும் விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும். கார்டுக்கு ஒரு தொகை, சிலவற்றில் பணம் ஏற்ற ஒரு தொகை, ஆண்டுக் கட்டணம், பயன்படுத்தாமல் வைத்திருந்தால் அதற்கும் பிடித்தம். நூறு, இருநூறு என்று செலவு செய்கிற பிள்ளைக்கு இது பெரிய பணம். இருப்புக்கு வட்டியும் கிடையாது. அதனால் வாரச் செலவுக்கு மட்டும் ஏற்றுங்கள். குறைந்தபட்ச கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) மட்டும் செய்து வாங்கிய கார்டில் 10,000 ரூபாய்க்கு மேல் வைக்க முடியாது, ரொக்கமாகவும் எடுக்க முடியாது.

அப்புறம், நெல்லை வண்ணார்பேட்டை துணிக்கடையில் கார்டைத் தேய்க்கலாம். ஜங்ஷன் பக்கம் டீக்கடையில் க்யூஆர் அட்டைதான் இருக்கும். முழு கேஒய்சி முடித்து, யுபிஐயிலும் செலவழிக்க முடிகிற கார்டா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: தட்டிச் செலுத்தும் வசதியில் 5,000 ரூபாய் வரை பின் எண் கேட்காமலே போய்விடும். மகள் கார்டில் அதை ஆப்பிலேயே அணைத்து வைத்திருக்கிறோம்.